யானை கட்டித் தீனி போடுவது பற்றி

அன்புள்ள ஐயா,

கரடுமுரடான பாதைகளுக்கென்றே செய்யப்பட்ட ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்குவது என் நெடுநாள் ஆசை. அது யானை கட்டித் தீனி போடும் வேலை என்று வீட்டில் தடுக்கிறார்கள். அப்படியொரு வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் வீட்டார் சொன்ன உவமை சரிதான். ஆனால் யானைக்குக் காட்டில் வேலை உண்டு.

1941-இல் ராணுவத்துக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் இருந்தவற்றில் பல இன்றைய அசல் காட்டுவண்டிகளிலும் தொடர்கின்றன: ஏணி போன்ற கனத்த சட்டம், அதன்மேல் தனியே பொருத்திய கூடு, வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் லோ கியர். கற்கள் உருளும் செங்குத்தான இறக்கத்தில் லோ கியரைப் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினின் பிடியிலேயே வண்டி நடைவேகத்தில் கல் கல்லாக இறங்கும். அதை ஒருமுறை உணர்ந்தவருக்குச் சாதாரணக் காரின்மேல் மரியாதை சற்றுக் குறைந்துவிடும். மணலில் டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், டயர் அகலப் படர்ந்து, சற்றுமுன் புதைந்த இடத்தையே கடந்து செல்லும். (திரும்பக் காற்றடிக்கப் பம்ப் வேண்டும் என்பதை நான் மணலைத் தாண்டிய பிறகே நினைத்துப் பார்த்தேன்.)

தார்ச்சாலையில் இதே குணங்கள் குறைகளாகின்றன. உயரம் கூடுவதால் ஈர்ப்பு மையமும் மேலேறி, திடீரென்று ஒடித்துத் திருப்பினால் கவிழும் அபாயம் கூடுகிறது. பெட்டி போன்ற வடிவம் வேகம் கூடக்கூடக் காற்றோடு மல்லுக்கட்டி எரிபொருளைத் தின்கிறது. சேற்று டயர்களின் இரைச்சலில் பேச்சு பாதி காதில் விழாது. நான்கு சக்கரமும் இழுப்பதால் ஈரச் சாலையில் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று நம்புவோர் பலர்; பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது, இங்கே நிறுத்த வேண்டிய எடைதான் அதிகம். நடு டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி) இல்லாத வண்டியில் ஃபோர் வீலைப் போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் வளைந்தால், முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் உருளவேண்டிய சக்கரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, பற்சக்கரங்களைப் பதம் பார்த்துவிடும்.

பராமரிப்பைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சக்கர அச்சின் நடுவே ஆயிலில் இயங்கும் டிஃபரன்ஷியல், ஓடிச் சூடேறியபின் நீரோடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, காற்று வந்துபோகும் அதன் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியே தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். ஓடையைக் கடந்துவந்த பிறகு அந்த ஆயிலைச் சோதித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்றியாக வேண்டும். நான் ஒருமுறை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில் பேரிங் போயிற்று.

சென்ற ஆண்டில் வண்டி போகாது என்பதற்காக எத்தனை நாள் பாதி வழியில் திரும்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கோ வயலுக்கோ போகும் பாதையே அப்படி என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆண்டுக்கு இரண்டு பயணம்தான் என்றால் வாடகை வண்டி போதும். இரண்டுக்கும் நடுவே இருப்பவரானால், சோதனை ஓட்டத்தை மலையில் வைத்துக்கொள்ளாமல், நெரிசலான சாலையில் ஒரு மாலைப்பொழுது ஓட்டிப் பாருங்கள். முட்டிவலி உள்ள பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துப்போய், பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.