பி.காம். முடிக்கும் மகள் மனநலத் துறைக்குப் போகலாமா?

"மகள் பி.காம். கடைசி ஆண்டு. மனநல ஆலோசகர் ஆகவேண்டும் என்கிறாள். அதற்கான படிப்போ நீண்டுகொண்டே போகிறது. என் தம்பி எம்.பி.ஏ. என்கிறான், மைத்துனர் தபாலில் எம்.எஸ்சி. சைக்காலஜி போதும் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை புரிகிறது ஐயா. ஆனால் இருவர் பேச்சையும் தள்ளிவையுங்கள்.

மைத்துனர் சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) அனுமதிப்பதில்லை. ஆறு மாத டிப்ளமோவோடு போர்டு மாட்டும் யோசனையும் வேண்டாம். நொந்து வருகிறவரிடம் அரைகுறையாகக் கற்றவர் கைவைக்கக் கூடாது. விதிகள் இறுகுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். எம்.பி.ஏ.? அதை அவள் கேட்டாளா?

கிளினிக்கல் சைக்காலஜிக்கு (மருத்துவ உளவியல்) சைக்காலஜி பட்டம் வேண்டும், பி.காம். மாணவி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் அந்தச் சிக்கல் இல்லை, எந்தப் பட்டதாரியும் சேரலாம். மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்கட்டும். வகுப்போடு சேர்த்தே வாரத்தில் சில நாள் களப்பணி இருக்கும். நோயாளி ஏன் மாத்திரையை நிறுத்தினார் என்று வீட்டுக்கே போய் விசாரிப்பது, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது, பழைய முதலாளியைப் பார்த்து மறுபடி வேலைக்குச் சேர்க்கச் சொல்வது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வழிகாட்டுவது எல்லாம் இந்தத் துறையின் வேலை. டாக்டருக்குக் கிடைக்காத தகவல் பெரும்பாலும் இவர்களிடம்தான் இருக்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப் பணியாளரைத் தனியாக வரையறுத்து, மாநில மனநல ஆணையத்தில் பதிவுசெய்ய இடம் தருகிறது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவிலும் இவர்களுக்கு இடம் உண்டு.

எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. அந்தப் பதிவுக்குச் சட்டம் கேட்பது, அதற்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்.; மேற்பார்வையோடு மருத்துவமனைப் பயிற்சியும் அதில் அடக்கம். எம்.ஃபில். பட்டத்தையே 2022-இல் நிறுத்திய யூஜிசி, மனநலச் சமூகப்பணிக்கும் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு தந்தது. அதனால் மேற்பயிற்சிக்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: இப்போது தரும் பட்டம் எது, அதை ஆணையம் பதிவுசெய்யுமா? வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

செலவில் நான் கறார். ஒரே கல்லூரியில் அரசு உதவிபெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும், கட்டணம் வேறு வேறு. முதல் பிரிவுக்கு முயலுங்கள். நகையை அடகு வைக்கச் சொல்லும் படிப்பு எதுவானாலும் வேண்டாம். இந்த வேலையில் தொடக்கத்தில் ஒப்பந்தப் பணியும் சுமாரான சம்பளமும்தான், அடகை மீட்க அது காணாது.

விண்ணப்பிக்கும் முன் ஏதாவது ஒரு மனநல மறுவாழ்வு இல்லத்தில் அவள் சில வாரம் தன்னார்வலராக இருந்து பார்க்கட்டும். அதன் பிறகும் இதுதான் வேண்டும் என்றால், தம்பியிடம் பேசவேண்டியது நீங்கள், அவளைப் பேசவைக்காதீர்கள்.