பைராட்ஸ் 4ஏ என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 48. முழு உடல் பரிசோதனையில் எடுத்த மேமோகிராமிலும் ஸ்கேனிலும் இடது மார்பில் 9 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது. அறிக்கையில் ‘பைராட்ஸ் 4ஏ’ என்று போட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை, வலியும் இல்லை. பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். ஊசி பட்டால் கட்டி கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று என் நாத்தனார் தடுக்கிறார். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பைராட்ஸ் எண் புற்றுநோயின் ‘ஸ்டேஜ்’ அல்ல. படத்தில் தெரிவது எந்த அளவுக்குச் சந்தேகத்துக்குரியது, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதைக் கதிரியக்க மருத்துவர் உங்கள் மருத்துவருக்குத் தெரிவிக்கும் குறியீடுதான் அது. நான்காம் எண்ணைப் பார்த்து நான்காம் கட்டம் என்று நினைத்துக் கலங்கிப்போய் வருகிறவர்கள் உண்டு.

1, 2 என்றால் கவலை இல்லை. 0 என்றால் இந்தப் படம் மட்டும் போதாது, கூடுதல் படமோ ஸ்கேனோ பழைய படங்களோ வேண்டும் என்று பொருள். நீங்கள் கேட்கும் ஆறு மாதக் காத்திருப்பு 3ஆம் பிரிவுக்கு உரியது. அங்கே புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் போவதில்லை. உங்களுடைய 4ஏ பிரிவில் அது 2 முதல் 10 சதவீதம் வரை. அதாவது, இப்படி எழுதப்பட்ட நூறு பேரில் தொண்ணூறு பேருக்காவது அது புற்றுநோயாக இருக்காது. ஆனால் அந்தத் தொண்ணூறு பேரில் நீங்களும் ஒருவரா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை, வலிக்கவில்லை என்பதை வைத்தும் சொல்ல முடியாது. ஆகவே பொறுத்திருக்க வேண்டாம்.

பயாப்ஸி என்றதும் பெரிய அறுவை சிகிச்சையைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசியைச் செலுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்; அதற்கு மட்டும் திடுக்கிடாமல் இருங்கள். சேமியா இழை போன்ற சில சதைத் துண்டுகள் ஃபார்மலின் புட்டிக்குள் போகும். பெரும்பாலானோர் அன்றைக்கே வீடு திரும்பலாம். ஓரிரு நாள் வலியும் கன்றிப்போன நிறமும் இருக்கலாம். செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யைவிட, சதையின் அமைப்பையே காட்டும் இந்த ‘கோர்’ பயாப்ஸியே உங்களுக்கு ஏற்றது. ‘எதற்கும் கட்டியை முழுதாக எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னாலும், முதலில் பயாப்ஸி முடிவு வரட்டும்.

உங்கள் நாத்தனார் அன்பினால்தான் பயப்படுகிறார். நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு ஊசி போட்டுச் சோதித்த சில மாதங்களில் உடல்நிலை மோசமானதை ஊரார் பார்த்திருப்பார்கள். பழி ஊசியின் மேல் விழுந்துவிட்டது. ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம்பெயர்வது நுண்ணோக்கியில் காணப்பட்டதுண்டு; ஆனால் அதனால் நோய் பரவி ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. தாமதம்தான் உண்மையான ஆபத்து.

முடிவு ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்தால், அது படத்தில் கண்டதோடு பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். பொருந்தாவிட்டால் மறுபடியும் சதை எடுக்க நேரலாம். பொருந்தினாலும், அவர் சொல்லும் தேதியில் மறு ஸ்கேனுக்குப் போக வேண்டும். ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், 9 மில்லிமீட்டரில் கண்டுபிடிக்கப்பட்ட கட்டிக்குப் பெரும்பாலும் மார்பை முழுவதும் அகற்றாமலேயே சிகிச்சை செய்ய முடியும்.

இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரானால் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய மேமோகிராம் படங்கள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் நாத்தனாரையும் உடன் அழைத்துப் போங்கள். அவருடைய சந்தேகங்களை அவரே மருத்துவரிடம் கேட்கட்டும்.