அத்திக் குச்சிக்கு ஹீட் மேட் வேண்டுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் மகன், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே சீமை அத்திக் குச்சிகளை வேர் பிடிக்க வைக்கிறான். தேவகோட்டையில் எங்கள் வீட்டிலும் செய்து பார்க்க ஆசை. ஆன்லைனில் ஆறு குச்சி, ஹீட் மேட் (தொட்டிக்கு அடியிலிருந்து சூடு தரும் விரிப்பு), எல்இடி விளக்கு எல்லாம் சேர்த்து 'வின்டர் கிட்' 3,900 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? 'உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது' என்றும் போட்டிருக்கிறார்கள். குச்சி காய்ந்து வந்தால் பணம் போனதுதானா?

பதில்: குச்சியை மட்டும் வாங்குங்கள். மேட்டும் விளக்கும் உங்கள் மகன் ஊருக்குத்தான் சரி. அங்கே டிசம்பரில் மரம் இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். கவாத்து செய்த, அதாவது கிளை கழித்த குச்சி அப்போதுதான் கிடைக்கும், ஆனால் வெளியே உறைபனி. அதனால் வீட்டுக்குள் சூடு வைக்கிறார்கள். வேர் விட 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் போதும். நம் பக்கம் மார்கழியிலும் வீட்டுக்குள் கிட்டத்தட்ட அந்தச் சூடு இருக்கிறது. அதற்கு மேல் மேட் போட்டால் குச்சி அவிந்து அழுகும். விளக்குக்குப் பதில் உங்கள் வளவில் (உள் முற்றத்தில்) தூணோரம் இருக்கிறதே, சாரல் படாமல், நேர் வெயில் விழாமல், அது போதும்.

குச்சி பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணுவோடு இருக்க வேண்டும். வந்ததும் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் விறகு. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் துளையிட்டு, அலசிய தென்னை நார்க்கழிவை நிரப்பி நடுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். முதலில் துளிர்தான் வரும். அது குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தில் வந்தது, வேர் விட்டதாக அர்த்தமில்லை. துளிரைப் பார்த்த சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றித்தான் பலர் கெடுக்கிறார்கள். டம்ளர் ஓரத்தில் வெள்ளை வேர் தெரிய மூன்று முதல் ஆறு வாரம் ஆகும்.

இலையில்லாத குச்சியைப் பார்த்து நாட்டு அத்தியா சீமை அத்தியா என்று புதியவர் சொல்ல முடியாது. தாய் மரத்தின் இலைப் படம் கேளுங்கள். சீமை அத்தி இலை சொரசொரப்பாக, பெரும்பாலும் விரல் விரித்தாற்போல் இருக்கும். நாட்டு அத்தி இலையில் அந்தப் பிளவு இருக்காது. பூனா, டயானா, பிரவுன் டர்க்கி என்று ரகப் பெயரும் பில்லில் வரட்டும். விதைப் பாக்கெட் வேண்டாம், தாய் மரத்தின் குணம் வராது. குச்சியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவா என்று மகனிடம் சொல்லவும் வேண்டாம். 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் குச்சி உள்ளே வரக்கூடாது.

'ரிட்டர்ன் கிடையாது' என்று எழுதிவிட்டால் முடிந்துவிடாது. 2020 மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்க முடியாது. பார்சல் பிரிப்பதையும் பட்டையைச் சுரண்டுவதையும் ஒரே வீடியோவாக எடுங்கள். தளத்தில் புகார் செய்தால் 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வசிக்கும் ஊரிலிருந்தே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் பச்சையாக வந்த குச்சி உங்கள் டம்ளரில் வேர் விடாமல் போனால், அதற்குக் கடைக்காரரைப் பிடிக்க முடியாது.