பூனை வளர்ப்போர் கேள்வி–பதில்: மணல் தட்டு சொல்லும் சேதி

பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் அது கடைசிவரை வெளியே காட்டிக்கொள்ளாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் மணல் தட்டையும் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பலவும் அந்தத் தட்டைச் சுற்றியே இருக்கின்றன.

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்றரை வயது, பெண். கருத்தடை ஆகிவிட்டது. இத்தனை நாள் ஒழுங்காகத் தட்டில் போய்க்கொண்டிருந்தவள், ஒரு மாதமாகச் சோபாவிலும் படுக்கையிலும் சிறுநீர் கழிக்கிறாள். திட்டியும் பார்த்தாயிற்று. ஊருக்குப் போய்விட்டு வந்ததற்குப் பழிவாங்குகிறாளோ?

பதில்: பழிவாங்கும் கணக்கெல்லாம் பூனைக்குக் கிடையாது. முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். திட்டினால் உங்கள் கண்ணெதிரே போகக்கூடாது என்பதை மட்டும்தான் அவள் கற்றுக்கொள்வாள். பிறகு கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேட வேண்டியிருக்கும்.

முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீர்ப்பை அழற்சி இருந்தால் தட்டில் உட்காரும்போது வலிக்கும். வலிக்குக் காரணம் தட்டுதான் என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். பிறகு வலி குறைந்தாலும் தட்டுப் பக்கம் வரமாட்டாள். மெத்தென்ற இடமாகத் தேடிப் போவதும் இதனால் இருக்கலாம்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் தட்டைச் சந்தேகியுங்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான தட்டுகள் வளர்ந்த பூனைக்குச் சின்னவை. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினால் அருமையான தட்டு கிடைக்கும். வெட்டிய விளிம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மணல் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம். சன்னமான, கட்டிபிடிக்கும், வாசனை சேர்க்காத மணலையே பெரும்பாலான பூனைகள் விரும்பும். மூடி போட்ட தட்டும் பூ வாசனை மணலும் நம் மூக்குக்காகச் செய்தவை. மூடிக்குள் நாற்றம் அடைந்து கிடப்பதைப் பூனைதான் சகித்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை தட்டு? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டுங்கள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வேறு வேறு இடத்தில் வையுங்கள். சலவை இயந்திரத்தின் அருகில் வேண்டாம். ஒரே ஒரு முறை அது தடதடவென்று சுழன்றபோது பூனை தட்டில் இருந்திருந்தால், அந்த இடத்தோடு உறவு முறிந்துவிடும்.

தினம் இரண்டு வேளை சல்லடைக் கரண்டியால் அள்ளிவிடுங்கள். கட்டிபிடிக்கும் மணலை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுசாகக் கொட்டிவிட்டு, வெந்நீரும் மென்மையான சோப்பும் போட்டுத் தட்டைக் கழுவினால் போதும். பீனால் கலந்த தரை திரவங்களைத் தொடவே வேண்டாம், அவை பூனைக்கு நஞ்சு. சோபாவுக்கு நொதி கலந்த துப்புரவுத் திரவம் வாங்கி, நுரை உள்ளே இறங்கும்வரை நனைத்து, தானாகவே உலர விடுங்கள். அம்மோனியா உள்ள திரவம் சிறுநீர் போலவே மணக்கும். அதைத் தெளித்தால் ‘இங்கேதான் வா’ என்று அழைப்பிதழ் வைத்த மாதிரி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குந்தி உட்கார்ந்து தரையிலோ படுக்கையிலோ குளம்போல விட்டால் மேலே சொன்னது பொருந்தும். நின்றபடி, வால் நடுங்க, சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. ஜன்னலுக்கு வெளியே வேறு பூனை நடமாடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைப்பதுதான் முதல் வைத்தியம்.

கேள்வி: எங்கள் ஆண் பூனை அடிக்கடி தட்டில் போய் உட்கார்ந்து முக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் விட்டுவிட்டோம். வாந்தி எடுத்துச் சுருண்டபிறகு தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீர் அடைப்பு என்று குழாய் போட்டுக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: பிழைத்தது நல்லகாலம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. சளியும் மணல்போன்ற படிகங்களும் சேர்ந்து ஒரு சின்ன அடைப்பான் உருவாகிவிட்டால் போதும். சிறுநீர் வெளியேறாமல் சிறுநீரகம் நின்றுபோகும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அந்தப் பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். ஓரிரு நாளில் எல்லாம் முடிந்துவிடக்கூடும். முக்கியும் வராத ஆண் பூனைக்கு மலச்சிக்கல் என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. அடிக்கடி தட்டுக்குப் போவது, கத்துவது, பின்பக்கத்தை ஓயாமல் நக்குவது, தட்டில் சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டியே இல்லாதது இவை தெரிந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

குழாயை எடுத்த முதல் ஒரு வாரம்தான் மறுபடி அடைக்கும் ஆபத்து அதிகம். அந்த நாள்களில் தினமும் மணல் கட்டிகளை எண்ணி எழுதி வையுங்கள். வழக்கமாக நாளுக்கு இரண்டு முதல் நான்கு கட்டிகள், எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கும். கட்டிகள் பட்டாணி அளவுக்குச் சிறுத்து, எண்ணிக்கை கூடினால் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது என்று பொருள். அன்றே காட்டிவிடுங்கள்.

தடுப்பதற்குத் தண்ணீர்தான் வழி. ஒரு பூனைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 50 மில்லி தண்ணீர் தேவை, உணவில் இருப்பதையும் சேர்த்து. 4 கிலோ பூனைக்கு 200 மில்லி. பூனையின் முன்னோர் வறண்ட நிலத்து விலங்கு, தாகம் எடுத்துத் தேடிக் குடிக்கும் பழக்கம் இதற்குக் குறைவு. வேட்டையாடிய இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்ட இனம். எனவே தண்ணீரைச் சாப்பாட்டில் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈர உணவில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். 200 கிராம் கொடுத்தால் 160 மில்லி உள்ளே போய்விடும். உலர் உணவில் 10 சதவீதம்தான், 55 கிராமுக்கு ஐந்தாறு மில்லிதான் தேறும்.

கிண்ணம் அகலமாக இருக்கட்டும். விளிம்புவரை நிரப்புங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் மூன்று நான்கு இடங்களில் வையுங்கள். ஓடும் தண்ணீரை விரும்பும் பூனைக்கு நீரூற்றுக் கருவி வாங்கலாம், ஆனால் அதன் வடிகட்டியை மாற்ற மறந்தால் உள்ளே பாசி பிடித்துவிடும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறுநீர் உணவு என்றால் அதை மட்டும் கொடுங்கள். அதோடு வேறு தீனியைக் கலந்தால் அதன் வேலை கெடும். ஸ்ட்ரூவைட் வகைக் கல்லை உணவால் கரைக்க முடியும், கால்சியம் ஆக்சலேட் கரையாது. எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லே இல்லாமல் மனஅழுத்தத்தால் மட்டுமே பை வீங்குவதும் உண்டு. புதுப் பூனை, வீட்டில் மராமத்து, உணவு நேரம் மாறுவது இவையெல்லாம் தூண்டிவிடும்.

கேள்வி: பூனைக்குத் தினமும் பசும்பால் வைக்கிறேன். நல்லதுதானே?

பதில்: பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று பழமொழி இருக்கிறதே ஒழிய, பாலும் வளர்ந்த பூனையும் அவ்வளவு தோழர்கள் இல்லை. தாய்ப்பால் மறந்தபிறகு, பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்துவிடும். வயிறு உப்பும், கழிச்சல் ஆகும். ஆசையாகக் குடிக்கிறது என்பது செரிக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. பூனையையும் சைவத்துக்குப் பழக்கிவிடலாமா?

பதில்: முடியாது. நாயைப்போல எதையும் தின்று சமாளிக்கும் உடம்பு இல்லை இது. டாரின் என்ற சத்தைப் பூனையால் போதுமான அளவு தானாகத் தயாரிக்க முடியாது, அது விலங்குத் திசுவில்தான் உண்டு. குறைந்தால் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-இல் வெளிவந்த பிறகுதான் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். கேரட்டில் இருக்கும் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனைக்குத் தெரியாது.

அதற்காக வெறும் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பதும் தப்பு. கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும். ஈரலை மட்டுமே கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்குக் கறி கையாள விருப்பமில்லை என்றால், ‘முழுமையான உணவு’ என்று உறையில் எழுதியிருக்கும் தயாரிப்பை வாங்குங்கள். ‘துணை உணவு’ என்று இருந்தால் அது தின்பண்டம்தான்.

கேள்வி: ஏழு கிலோ பூனை. எடை குறைக்கச் சாப்பாட்டைப் பாதியாக்கலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வேண்டவே வேண்டாம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்பின் கொழுப்பு மொத்தமும் ஈரலுக்குப் பாய்ந்து, ஈரல் செயலிழக்கும். கண்ணின் வெள்ளையும் காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும். வாரத்துக்கு எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும், ஏழு கிலோவுக்கு 70 கிராம். இவ்வளவு சின்ன மாற்றத்தை நாம் ஏறி நிற்கும் எடைக்கருவி காட்டாது. குழந்தைகளை நிறுக்கும் கருவி வேண்டும். உணவையும் கிண்ணத்தால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்துங்கள். ஒல்லியாகவும் இல்லாமல் பருமனாகவும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி என்பது ஒரு தொடக்கக் கணக்கு. உங்கள் பூனைக்கான கணக்கை மருத்துவரிடம் போடச் சொல்லுங்கள். விலாவைத் தடவும்போது உங்கள் புறங்கை எலும்புகள் தட்டுப்படும் அளவுக்குத் தெரிந்தால் எடை சரி.

கேள்வி: உடம்பு சுடுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா? தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்து பாக்கி இருக்கிறது, அதைச் சொட்டலாமா?

பதில்: இரண்டும் கொல்லும். பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் இல்லாத குறை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனைக்கு அது உடல் நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரும். பூனையின் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டியும் இருக்கும், நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். லில்லி மலர்க்கொத்து வீட்டில் இருந்தால் அதையும் இப்போதே வெளியேற்றுங்கள். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

கேள்வி: கர்ப்பமாக இருக்கிறேன். பூனையை யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறார்கள் பெரியவர்கள்.

பதில்: கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. தொற்றிய பூனை பொதுவாக ஓரிரு வாரங்களே அதை மலத்தில் வெளியேற்றும். வெளிவந்ததும் உடனே தொற்றாது, பக்குவமாக ஒருநாளாவது ஆகும். அதனால் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். ஆள் இல்லையென்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்பால் கை கழுவுங்கள். பூனைக்குப் பச்சைக் கறி கொடுக்காதீர்கள். வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்டத்து மண்ணும் இதே தொற்றைத் தரும் என்பதைப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: விடியற்காலை நாலு மணிக்குக் கால்விரலைக் கடித்து எழுப்புகிறது!

பதில்: அது வேட்டை நேரம். அந்தியிலும் விடியலிலும் சுறுசுறுப்பு கூடும் விலங்கு அது. நீங்கள் எழுந்து சாப்பாடு போட்டால், கடித்ததற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். தூங்கப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் இறகு கட்டிய குச்சியால் விளையாடுங்கள். இறகை முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த எலியும் பூனையின் வாய்க்குள் வந்து குதிக்காது. தரையோடு இழுத்து, மேசைக்கால் பின்னே பாதி மறைத்து, அசைக்காமல் நிறுத்துங்கள். பின்பக்கம் ஆடும், பாயும். சில முறை பிடிக்க விடுங்கள். முடிந்ததும் இரவு உணவு. வேட்டை, உணவு, உடம்பை நக்கல், தூக்கம் என்பதே அதன் வரிசை. விளையாடிய நூலை எடுத்துப் பூட்டி வையுங்கள். விழுங்கிய நூல் வாயிலோ பின்பக்கமோ தொங்கினால் இழுக்கவே கூடாது, குடலை அறுத்துவிடும்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பூனை. இப்போதெல்லாம் நிறையத் தண்ணீர் குடிக்கிறது, தட்டில் கட்டிகளும் பெரிதாக இருக்கின்றன. நல்ல அறிகுறிதானே?

பதில்: இளம் பூனைக்குத் தண்ணீர் குடிக்க வையுங்கள் என்று மேலே சொன்னோம். கிழப் பூனை தானாகவே குடிக்க ஆரம்பித்தால் விஷயம் வேறு. சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்கும் திறனை இழக்கிறது, அல்லது சர்க்கரை நோய், அல்லது தைராய்டு மிகைச் சுரப்பு. நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் கடைசி இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இரத்தப் பரிசோதனை, சிறுநீரின் அடர்த்தி, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிதண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள், தாகம் நோய்க்கு உடம்பு செய்யும் ஈடு.

சிறுநீர் மாதிரி எடுக்க, தட்டைக் கழுவி உலர்த்தி, மணலுக்குப் பதில் நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் மணிகளைப் போடுங்கள். போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சிச் சுத்தமான புட்டியில் விடுங்கள். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.