உறவு: மகள்

கேள்வி: கோவையில் இருக்கிறோம். மே விடுமுறைக்கு சிங்கப்பூரில் இருந்து மூன்று இரவு கப்பல் பயணம் பதிவு செய்தோம். நான், கணவர், மகள் (16), மகன் (14), கூடவே மகளின் தோழி (16). உள்ளூர் டிராவல்ஸ் ஒன்று ₹3.10 லட்சத்துக்கு இரண்டு கேபின் போட்டுக் கொடுத்தது. எங்கள் இருவருக்கு ஒன்று, பிள்ளைகள் மூவருக்கும் பக்கத்திலேயே ஒன்று. ஏறும் நாளில் தோழியை ஏற்ற மறுத்துவிட்டார்கள். அவளைத் தனியே விட முடியுமா? நானும் ஏறாமல் அவளோடு மூன்று இரவு ஓட்டலில் இருந்தேன். மற்ற மூவரும் போனார்கள். டிராவல்ஸ்காரர் அன்று முழுக்கப் போனை எடுக்கவில்லை, பிறகு எடுத்துக் கேவலமாகப் பேசினார். இப்போது ₹75,000 தருகிறேன் என்கிறார். தோழியின் அப்பா தன் பணத்தை என்னிடம் கேட்கிறார். டிராவல்ஸ், கப்பல் கம்பெனி இரண்டின் மேலும் ₹10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? 420 கேஸ் கொடுக்கலாமா?

பதில்: பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் நான்கு பக்கம் அவர் பேசிய பேச்சு, இரண்டு பக்கம் ஓட்டல் அறையில் பிள்ளை அழுத கதை. ஏழாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: “அவர் சொன்னபடி படிவத்தில் அவளுக்கு ‘உறவு’ என்ற இடத்தில் ‘மகள்’ என்று போட்டேன்.” உங்கள் வழக்கு அந்த ஒரு வரிதான். மற்றதை நுகர்வோர் ஆணையம் புரட்டிக்கூடப் பார்க்காது.

அந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்தீர்களா? பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவர் இருக்கச் சொல்லும். சொந்தப் பிள்ளைகள் என்றால் பெற்றோருக்குப் பக்கத்து கேபினில் போட அவற்றில் பல சம்மதிக்கும். ஊரான் பிள்ளை என்றால் அவளுடைய பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் கேட்கும். ‘மகள்’ என்று எழுதியதும் கடிதமும் வேண்டாம், பிள்ளைகள் கேபினில் பெரியவரும் வேண்டாம். டிராவல்ஸ்காரருக்கு வேலை மிச்சம், உங்களுக்கு வசதி. கவுன்ட்டரில் இருந்த பெண் தோழியைப் பார்த்து “இது உன் அம்மாவா?” என்று கேட்க, அவள் “இல்ல, ஆன்ட்டி” என்றாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குழந்தை உண்மையைச் சொல்லிவிட்டது. ஏற்ற மறுத்ததில் கப்பல் கம்பெனி மேல் தவறு காட்ட உங்களால் முடியாது.

ஆகவே கப்பல் கம்பெனியை எதிர்தரப்பாகச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டு முகவரிக்கு நோட்டீஸ் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். வந்தால் அவர்கள் முதலில் நீட்டப்போவது நீங்கள் ‘மகள்’ என்று எழுதிய படிவத்தைத்தான். டிராவல்ஸ்காரர் “நான் வெறும் ஏஜென்ட், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 230-படி எனக்குப் பொறுப்பில்லை” என்பார், எல்லோரும் சொல்வதுதான். அதற்குப் பதில் ஒன்றே: கப்பலில் நடந்ததற்கு நீங்கள் அவரைக் கேட்கவில்லை, தன் கமிஷனுக்காக அவர் கொடுத்த தவறான ஆலோசனைக்குக் கேட்கிறீர்கள். மனுவை இந்த ஒரே தடத்தில் ஓட்டுங்கள். உற்சாகத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது மாநில ஆணையத்தின் எல்லை. மாவட்ட ஆணையத்தில் எழுதினால் முதல் வாய்தாவிலேயே ஆட்சேபணை வரும்.

இனி ஆபத்துக்கு வருகிறேன். எதிருரையில் அவர் என்ன எழுதுவார் என்று இப்போதே சொல்கிறேன்: “மனுதாரர் தோழியை மகள் என்று சொல்லி என்னை ஏமாற்றினார். உண்மை தெரிந்திருந்தால் கடிதம் கேட்டிருப்பேன்.” இந்த ஒரு பத்தியில் சுருண்ட வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். உங்களைக் காப்பாற்றக்கூடியது பாஸ்போர்ட் நகல். கடைசிப் பக்கத்தில் தோழியின் அப்பா, அம்மா பெயர் இருக்கிறது. அதை அனுப்பவில்லை என்றாலும் பாதகமில்லை, முதல் பக்கத்துப் பிறந்த தேதியே போதும். உங்கள் மகள் பிறந்தது மார்ச்சில், தோழி அதே வருடம் ஆகஸ்டில். ஐந்து மாத இடைவெளியில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் பிறப்பதில்லை. அந்த இரண்டு நகலையும் பக்கத்தில் வைத்து டிக்கெட் போட்டவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. நகல்கள் எந்தத் தேதியில், எந்த மின்னஞ்சலில் போயின, டிக்கெட் அதற்குப் பிறகுதான் வந்ததா என்பதை இன்றே எடுத்து வையுங்கள்.

ஆனால் இது பாதிக் கிணறுதான். அவருக்குத் தெரியும் என்பதை நிரூபித்தால் அவர் ஏமாறவில்லை என்றாகும். நீங்கள் பொய் எழுதவில்லை என்று ஆகாது. “இருவரும் சேர்ந்து செய்தீர்கள், இருவரும் நஷ்டத்தைப் பகிருங்கள்” என்று ஆணைய உறுப்பினர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. எழுதச் சொன்னது அவர்தான் என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியோ ஒரு வாய்ஸ் நோட்டோ இருக்கிறதா? இருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழைய போனைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டோடு வந்தார். மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) எழுத வேண்டும். எதை வைத்து எழுதுவது? நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியச் சட்டம் அவ்வளவு இறுக்கமில்லைதான், அதை நம்பி இறங்காதீர்கள். எல்லாம் வாய்மொழியாகப் பேசியது என்றால், அந்த ₹75,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கையும் பார்ப்போம். ஐந்து பேரில் மூன்று பேர் பயணம் செய்தார்கள். உங்கள் கணவர் கப்பல் நீச்சல்குளத்தில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது அவர்கள் தரப்பில் சான்றாவணமாக வரும். முழுப் பணமும் திரும்பாது. நஷ்டம் உங்களுக்கும் தோழிக்குமான கட்டணம் ₹1.24 லட்சம், ஓட்டல் ₹54,000, சாப்பாடு. டி.சி.எஸ். என்று டூர் பணத்தோடு சேர்த்துப் பிடித்த வரியை நஷ்டத்தில் சேர்க்காதீர்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் எழுதலாம், காகிதம்தானே. கேட்டதில் சிறு பங்குதான் தருவார்கள்.

420 கேஸ் வேண்டாம். அது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318, எண்தான் மாறியிருக்கிறது. ஸ்டேஷனில் முதலில் படிக்கப்படுவது உங்கள் படிவம்.

வாய்ஸ் நோட் இருந்தால் ₹1.5 லட்சம் கேட்டு ₹1.25 லட்சத்தில் முடியுங்கள். அடுத்த டூருக்குக் கூப்பன் தருகிறேன் என்பார், வாங்காதீர்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே ‘கணக்கு முடிந்தது’ என்று கையெழுத்து. பேச்சு இழுத்துக்கொண்டே போனாலும் இரண்டு வருடக் காலவரம்பு நிற்காமல் ஓடும்.

தோழியின் அப்பாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் கூலி வாங்காததால் நுகர்வோர் ஆணையத்தில் அவர் உங்களை இழுக்க முடியாது, சிவில் கோர்ட்டில் முடியும். அதைவிட முக்கியம், “என்னிடம் கடிதம் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பேன்” என்று வாக்குமூலம் தரக்கூடிய ஒரே ஆள் அவர். சமரசப் பணம் வந்ததும் அவருடைய ₹62,000-ஐ முதலில் கொடுத்து, மகளின் சார்பாகவும் பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள்.

டிராவல்ஸ்காரரைப் ‘பிராடு’ என்று கூகுளில் எழுதியிருக்கிறீர்களாம். அதை இன்றிரவே எடுத்துவிடுங்கள். அவதூறு நோட்டீஸ் வந்தால் இந்த ₹75,000 பேச்சும் நின்றுவிடும்.