செராமிக் டெக்னாலஜி என்றால் டைல்ஸ் மட்டும்தானா?

கொடுங்கையூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு, வணக்கம்.

பாட்டிக்கு ஸ்டான்லியில் இடுப்பு மூட்டு மாற்றியதிலிருந்து உங்கள் மகள் அந்த உலோகத்தைப் பற்றியே பேசுவதாகவும், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், செராமிக் டெக்னாலஜிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டைல்ஸ் கம்பெனி வேலைக்கா பொறியியல் என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் அவள் மனத்தில் இருப்பது டைல்ஸ் அன்று.

சிமென்ட் இல்லாமல் பொருத்தப்படும் இடுப்பு மூட்டுகள் பலவற்றில், தொடை எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் தண்டின் மீது சுண்ணாம்பு அடித்தாற்போல் மங்கிய வெள்ளைப் பூச்சு ஒன்று இருக்கும். அது ஹைட்ராக்ஸிஅபடைட், நம் எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்; அதுவும் ஒரு செராமிக்தான். பூச்சில் சுமார் 100 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால், புது எலும்பு அவற்றுக்குள் வளர்ந்து உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். துளைகள் கூடக் கூடப் பூச்சின் பலம் குறையும் என்பதுதான் சிக்கல். மேலும், பூச்சு போடுவதற்காக 10,000 டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற கொதிவாயு) சுடரின் வழியே ஹைட்ராக்ஸிஅபடைட் தூளைத் தெளிக்கும்போது, அதன் ஒரு பகுதி சிதைந்து உடலில் எளிதில் கரையும் பாஸ்பேட்டாக மாறிவிடும். அதனால்தான் பூசிய மாதிரியை இன்னோர் உலோக உருளையோடு பசையிட்டு ஒட்டி, பிய்ந்து வரும்வரை இழுத்து, எத்தனை விசையில் பெயர்ந்தது என்று அளக்கிறார்கள். இது பெரும்பாலும் வேதியியலும் பொருளறிவியலும் கலந்த வேலை.

ஆகவே பயோமெடிக்கல் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் படிப்பில் மருத்துவக் கருவிகளுக்கும் சிக்னல்களுக்கும்தான் பெரும்பாலும் இடம் அதிகம். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் கல்லூரியில் உள்ள செராமிக் டெக்னாலஜி, அல்லது உலோகவியல், இன்னும் நேரான வழி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். பி.டெக் முடித்ததும் கிடைக்கும் வேலை, உலைக்கல் (உலைகளின் உட்சுவருக்கான வெப்பம் தாங்கும் செங்கல்), கண்ணாடி, ஆம், டைல்ஸ் ஆலைகளிலும் இருக்கலாம். எலும்புப் பூச்சு ஆய்வுக்கு கேட் (GATE) தேர்வு எழுதி எம்.டெக், பிறகு பி.எச்டி என்று போக வேண்டியிருக்கும். சென்னை ஐஐடி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ ஆய்வு நிறுவனம் போன்ற இடங்கள் அதற்கு உண்டு. நான்காம் ஆண்டு முடிந்ததும் அவள் சம்பளம் வீட்டுக்குக் கட்டாயம் தேவை என்றால், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் அவள் உறுதியாக இருந்தால், கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் செராமிக்கை மேலேயும் கம்ப்யூட்டர் சயின்ஸைக் கீழேயும் வையுங்கள். வரிசைப்படிதான் இடம் ஒதுக்குவார்கள்.