பக்கத்து வீட்டில் போதைத் தொல்லை: யாரிடம், எப்படிப் புகார் செய்வது?

சென்னையில் பக்கத்து வீட்டுப் பையன் கஞ்சா போதையில் ராத்திரி கதவை இடிக்கிறான், கூட்டாளிகள் வந்துபோகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதையில் இருப்பவனிடம் நியாயம் பேசப் போகாதீர்கள். கைகலப்பு வருவது அப்போதுதான். கதவைச் சாத்திக்கொண்டு 112-ஐ அழையுங்கள். ரோந்துப் போலீஸ் அதட்டிவிட்டுப் போவதோடு விட்டுவிடாமல், தேதி, நேரம், நடந்தது எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். இரண்டு வாரக் குறிப்பும் மற்ற குடித்தனக்காரர்களின் கையெழுத்தும் சேர்த்து ஸ்டேஷனில் எழுத்துப் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் பெற்றதற்கான போலீஸ் ரசீது) கட்டாயம் வாங்குங்கள். வாய்மொழிப் புகாருக்குத் தடயமே இருக்காது. தொல்லை தொடர்ந்தால் பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 126-வது பிரிவில், அமைதி காப்பதாக ஓராண்டு வரை பிணைப்பத்திரம் எழுதி வாங்க வழியுண்டு.

கஞ்சா விற்பனை நடக்கிறதென்று தோன்றினால் தேசிய போதைப்பொருள் தடுப்பு உதவி எண் 1933 அல்லது தமிழக மதுவிலக்குப் போலீஸின் 10581-ஐ அழையுங்கள். 1933-இல் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். ஒளிந்து நின்று வீடியோ எடுக்காதீர்கள், ஆபத்து.

பெற்றோரிடம் பகலில், தனியாகப் பேசுங்கள். வழக்கு வருமோ என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்பாட்டு வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. இதை அவர்களுக்குச் சொல்லுங்கள், ஆலோசனைக்கு தேசிய போதை மீட்பு உதவி எண் 14446.

அவன் மயங்கி மூச்சுத் திணறினால், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐ அழையுங்கள்.